தகுதி இழந்த உடலும் சம்பளமில்லா விடுப்பும்: காவிரிப் படுகையின் பணி வரலாற்றில் ஓர் அத்தியாயம்

காவிரிப் படுகையில் நெல்லும் நீரும் கைவிட்ட ஆண்டுகளிலும் அடுப்பெரியச் செய்தது மாதச் சம்பளம் தரும் அரசு வேலையே. இரயில்வே, பொதுப்பணித்துறை, வருவாய்த்துறை, பள்ளிக்கூடம், பிற்காலத்தில் போக்குவரத்துக் கழகம் என்று அதன் வாயில்கள் பலவாக இருந்தாலும், எல்லா வாயில்களிலும் ஒரு மருத்துவர் நின்றார். அவர் உடல் தகுதிச் சான்று தந்த பிறகே ஒருவர் பணியில் சேர முடிந்தது. பணியில் இருக்கும்போதே கண் மங்கியோ, கால் வீங்கியோ, நுரையீரல் நொந்தோ அந்தத் தகுதியை ஒருவர் இழந்துவிட்டால், அதே மருத்துவர் எழுதும் மற்றொரு சான்று அவரைப் பணியிலிருந்து நிறுத்தி வைத்தது. அவ்வாறு நிறுத்தப்பட்ட நாளுக்கும், வேறு பணியோ ஓய்வூதியமோ கைக்கு வந்து சேரும் நாளுக்கும் இடையில் அந்தக் குடும்பம் எதைக் கொண்டு உண்பது என்ற கேள்விக்கு, ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக் காலம் ஆட்சியமைப்பு அளித்த விடை சம்பளமில்லா விடுப்பு என்பதாகும். அந்த விடை எவ்வாறு உருவானது, அதற்கு முன்பு இந்த மண்ணில் வேறு விடைகள் இருந்தனவா, பின்னர் அது எவ்வாறு மாறியது என்பவை தஞ்சை வட்டாரத்தின் சமூக வரலாற்றில் போதிய கவனம் பெறாத செய்திகள்.

இக்கேள்விக்குத் தஞ்சையில் கிடைக்கும் மிகப் பழைய விடை கல்லில் உள்ளது. இராசராசீசுவரம் என்னும் பெரிய கோயிலின் திருச்சுற்று மதிலின் புறத்தே, முதலாம் இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டான 1014ஐ ஒட்டிப் பொறிக்கப்பட்ட நீண்ட கல்வெட்டு, தளிச்சேரிப் பெண்டுகள் என்று அழைக்கப்பட்ட ஆடல் மகளிர் 400 பேரையும், நட்டுவம் செய்வோர், பாடுவோர், உடுக்கை முதலிய கருவிகளை வாசிப்போர், கணக்கர், தையற்காரர் உள்ளிட்ட பணியாளரையும் பெயர் பெயராக வரிசைப்படுத்துகிறது. இவர்களுக்குரிய ஊதியம் பங்கு என்ற அலகால் கணக்கிடப்பட்டது. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு, ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்கப்படும் 100 கலம் நெல். பணியாளர் ஒருவர் இறந்தாலோ வேற்றூர் போய்விட்டாலோ, அடுத்த உரிமையாளரான உறவினர் அந்தக் காணியைப் பெற்றுப் பணி செய்ய வேண்டும் என்று கல்வெட்டு விதிக்கிறது. காணி என்பது இங்கே பணியோடு பிணைந்த பரம்பரை உரிமையைக் குறிக்கும். அந்த உறவினர் பணிக்குத் தகுதியற்றவராக இருந்தால், தகுதியுள்ள ஒருவரை ஆளிட்டுப் பணியைச் செய்வித்து நெல்லைப் பெற்றுக்கொள்ளலாம் என்பது அடுத்த விதி. அப்படிப்பட்ட உறவினரே இல்லாத நிலையில் மட்டுமே, அந்தந்தத் தொழிலைச் சேர்ந்தவர்கள் கூடித் தக்க ஒருவரைத் தேர்ந்து அமர்த்தினர்.

இவ்விதியின் எல்லையைச் சரியாகப் புரிந்துகொள்வது இன்றியமையாதது. நோயுற்றவருக்கு விடுப்பு அளிப்பதைப் பற்றி அது பேசவில்லை. உரிமை கைமாறும் தருணத்தில் வாரிசின் தகுதியைப் பற்றியே பேசுகிறது. பணியாளர்களின் விருப்பத்தைக் கேட்டு அமைந்த ஏற்பாடாகவும் அதனைக் கொள்ள இயலாது. தளிச்சேரிப் பெண்டுகள் பல ஊர்க் கோயில்களிலிருந்து அரசாணையால் தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் என்பதை அதே கல்வெட்டு காட்டுகிறது. இருப்பினும் அதன் உள்ளிருக்கும் கருத்து கருதத்தக்கது. பணியைச் செய்யும் உடல் ஒன்றாகவும், பணிக்குரிய நெல்லைப் பெறும் உரிமை மற்றொன்றாகவும் பிரித்து வைக்கப்பட்டு, முதலாவது தளர்ந்தாலும் இரண்டாவது அறுந்துபோகாதபடி காக்கப்பட்டது. போரில் இறந்தவரின் குடும்பத்துக்கு விடப்பட்ட உதிரப்பட்டி என்னும் நிலக்கொடையும் இதே எண்ணத்தின் மற்றொரு வடிவமே.

கோயிலில் இருந்த இந்த முறை ஊர்ப்பணியிலும் நெடுங்காலம் நீடித்தது. மதகு திறந்து வயல்களுக்கு நீர் பகிர்ந்த நீர்கண்டி, தலையாரி, வெட்டியான், கணக்குப்பிள்ளை ஆகியோர் மானிய நிலத்தாலும், களத்தில் அளந்து தரப்பட்ட நெல்லாலும் வாழ்ந்தனர். ஒருவர் காய்ச்சலில் படுத்தால் அண்ணன் தம்பியோ மகனோ மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனார். பணி ஆளுக்குரியதாக இல்லாமல் குடும்பத்துக்குரியதாக இருந்ததால் விடுப்பு என்ற ஏற்பாட்டுக்கே அங்குத் தேவை எழவில்லை. 1855இல் மராத்திய அரசர் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்து, தஞ்சை அரசு முழுமையாகக் கும்பினியின் ஆட்சிக்குள் சென்ற பிறகு, ஆங்கில நிர்வாகம் இந்தக் குடும்ப உரிமையை உடனே ஒழித்துவிடவில்லை, சட்டத்துக்குள் அடக்கிக்கொண்டது. 1895ஆம் ஆண்டின் சென்னை மரபுவழிக் கிராமப் பதவிகள் சட்டம், முனிசீப்பு, கணக்குப்பிள்ளை முதலிய பதவிகளுக்கு வாரிசு உரிமையை ஏற்றுக்கொண்டபோதே, பதவிக்கு வருபவர் வயது வந்த ஆணாகவும், உடலாலும் மனத்தாலும் வேலைக்கு இயன்றவராகவும் இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. வாரிசு சிறுவனாக இருந்தால் அவன் பெயரைப் பதிந்து வைத்துக்கொண்டு, அதுவரை பணியைப் பார்க்க வேறொருவரை அமர்த்தவும் வழி செய்தது. இராசராசனின் கல்லில் உள்ள ஆளிடும் விதி, 9 நூற்றாண்டுகளுக்குப் பிறகு ஆட்சியரின் கோப்புக்குள் இவ்வாறு இடம் பிடித்தது. கிராம அதிகாரிகளின் இந்தப் பதவிகள் தமிழ்நாட்டில் 1980 நவம்பரில் அவசரச் சட்டத்தின் வழியாக ஒழிக்கப்பட்டு, தேர்வு பெற்று வரும் கிராம நிர்வாக அலுவலர்கள் அவ்விடத்துக்கு வந்தனர்.

அரசுக் கல்லூரி போன்ற புதிய நிறுவனங்களில் மாதச் சம்பளம் வந்துவிட்டிருந்தபோதும் பழைய வழக்கத்தின் சாயல் சில காலம் நின்றது. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் உடல்நலம் குன்றிப் பணியிலிருந்து விலக எண்ணியபோது, தம் இடத்துக்கு உ. வே. சாமிநாதையரே தக்கவர் என்று கல்லூரித் தலைவர் கோபாலராயரிடம் பரிந்துரைத்து, 1880 பிப்ரவரியில் அவரை அப்பணியில் அமரச் செய்தது தமிழுலகம் நன்கறிந்த வரலாறு. பணியை விடுபவர் தக்க ஆளைக் காட்டிவிட்டுப் போவது அன்று பெருமையாகவே கருதப்பட்டது.

ஆளிடும் உரிமையை அடியோடு நீக்கி, உடலையும் ஊதியத்தையும் ஒரே கயிற்றில் கட்டியது எழுதப்பட்ட பணிவிதிகளே. 1922 ஜனவரி 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அடிப்படை விதிகளும், அவற்றின் வழியில் சென்னை மாகாணத்துக்கென எழுந்த 1933ஆம் ஆண்டின் விடுப்பு விதிகளும் விடுப்பைப் பல வகையாகப் பிரித்தன. பணி செய்த காலத்தின் அளவுக்குச் சேர்வது ஈட்டிய விடுப்பு. மருத்துவச் சான்றின் பேரில், பணிக்காலத்தைப் பொறுத்து ஒரு வரம்புக்குள் தரப்படுவது ஈட்டா விடுப்பு. தமிழ்நாட்டில் இவ்விரண்டாம் வகை, நீண்ட காலம் பணி செய்தவருக்கும் மொத்தப் பணிக்காலத்தில் 540 நாள்களைத் தாண்டுவதில்லை. இவையெல்லாம் தீர்ந்த பிறகும் ஒருவர் எழுந்து நடமாட இயலாத நிலையில் இருந்தால், அவர் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்காமல் இருக்கும் பொருட்டு அளிக்கப்படுவது அசாதாரண விடுப்பு. அதற்குச் சம்பளம் கிடையாது. மருத்துவச் சான்றின் பேரில் எடுத்ததாயின் அக்காலத்தை ஊதிய உயர்வுக்குக் கணக்கில் சேர்க்க விதியில் இடம் உண்டு. ஆனால் அந்த மாதங்களில் வீட்டுக்கு அரிசி வாங்க அவ்விதி உதவுவதில்லை.

இந்த ஏற்பாடு மிகக் கூர்மையாக வெளிப்பட்ட இடம் இரயில்வே. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சை வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பாதை 1861–62இல் திறக்கப்பட்டது. நாகப்பட்டினத்தில் அமைந்த பணிமனை, 1920களின் பிற்பகுதியில் பொன்மலைக்கு மாற்றப்படும் வரை, படுகையின் கீழ்ப்பகுதியில் பல குடும்பங்களுக்குச் சோறிட்டது. அந்த இடமாற்றத்தோடு சேர்ந்து வந்த ஆட்குறைப்பும், தொழிலாளர்களை வடிகட்ட நிர்வாகம் கொண்டுவந்த தகுதித் தேர்வும் 1928 ஜூலையில் தென்னிந்திய இரயில்வேயின் பெரும் வேலைநிறுத்தத்துக்குக் காரணங்களாயின. அதில் முன்னின்ற சிங்காரவேலர் முதுமையிலும் சிறை சென்றார். தகுதி என்பது நிர்வாகம் தன் விருப்பப்படி நீட்டவும் சுருக்கவும் கூடிய அளவுகோல் என்ற அச்சம் தொழிலாளர் மனத்தில் அன்றே ஊன்றிவிட்டது.

கண்பார்வைத் தேர்வுக்கு மட்டும் தனி வரலாறு உண்டு. 1875 நவம்பரில் சுவீடன் நாட்டின் லாகர்லுண்டா என்னுமிடத்தில் இரண்டு இரயில்கள் மோதியதை ஆராய்ந்த உப்சாலா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹோம்கிரென், நிறங்களைப் பிரித்தறிய இயலாத குறை விபத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்று கருதி, கம்பளி நூற்கண்டுகளைக் கொண்டு ஒரு சோதனையை வகுத்தார். தேர்வுக்கு வந்தவர் கையில் வெளிர்பச்சைக் கண்டு ஒன்றைக் கொடுத்து, மேசையில் குவிந்து கிடக்கும் பல நிறக் கண்டுகளிலிருந்து அதே சாயலுடையவற்றைப் பொறுக்கி எடுக்கச் சொல்வது அதன் முறை. நிறத்தின் பெயரைக் கேட்பதில்லை என்பதால், எழுதப் படிக்கத் தெரியாதவரும் எந்த மொழி பேசுபவரும் அதற்கு உட்படலாம். மண்ணெண்ணெய் விளக்குக்கு முன்னே செந்நிறக் கண்ணாடியும் பச்சைக் கண்ணாடியும் மாறி மாறி வந்து நின்ற கைகாட்டி மரங்களின் காலத்தில், பச்சையும் சிவப்பும் குழம்பும் கண்ணை இயந்திரத்தில் நிறுத்த முடியாது என்பதை எவரும் மறுக்க இயலாது. பயணிகளின் உயிர் அதில் அடங்கியிருந்ததால் தேர்வின் கடுமை நியாயமானதே. தேறாதவரின் குடும்பத்தை என்ன செய்வது என்பதில்தான் நியாயம் பின்தங்கியது.

தென்னிந்திய இரயில்வே 1944இல் அரசு நிர்வாகத்துக்குள் வந்து, 1951இல் தெற்கு இரயில்வேயாக உருப்பெற்றது. பணியாளரின் உடல், ஏ-1 தொடங்கி சி-2 வரை மருத்துவ வகைகளாகப் பிரிக்கப்பட்டது: இயந்திர ஓட்டுநருக்கு ஏ-1, நிலைய அதிகாரிக்கு ஏ-2, வண்டியோட்டத்தோடு நேரடித் தொடர்பில்லாத அலுவலகப் பணியாளருக்கு சி வகை. ஏ வகையினர் 45 வயது வரை 4 ஆண்டுக்கு ஒருமுறையும், 55 வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் மருத்துவரிடம் செல்ல வேண்டும். தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், திருவாரூர் நிலையங்களில் பணியாற்றியவர்கள் இதற்காகப் பொன்மலை இரயில்வே மருத்துவமனைக்குப் போனார்கள். தேர்வில் ஒரு வகையிலிருந்து கீழ் வகைக்கு இறக்கப்படுவதையே தொழிலாளர்கள் மெடிக்கல் டீகேட்டகரைஸ் என்று சொல்லிவந்தனர். பேச்சு வழக்கில் அது மெடிக்கல் அன்ஃபிட் என்றும் சுருங்கியது.

தகுதி இழந்தவர்களைப் பழைய விதித்தொகுப்பு இரண்டு பிரிவாகக் கண்டது. எந்தப் பணிக்கும் இயலாதவர்கள் ஒரு பிரிவு. வகித்த பணிக்கு மட்டும் இயலாமல், தாழ்ந்த மருத்துவ வகையில் வேறு பணிக்கு ஏற்றவர்கள் மற்றொரு பிரிவு. இரண்டாம் பிரிவினரை உடனே வெளியேற்றக் கூடாது. அவர்கள் கணக்கில் உள்ள விடுப்பைத் தந்து, அது போதாவிட்டால் அசாதாரண விடுப்பையும் சேர்த்து, 6 மாதத்துக்கு மிகாமல் நிறுத்தி வைத்து, அதற்குள் மாற்றுப் பணியைத் தேடித் தர வேண்டும் என்பது விதி. எழுத்தளவில் இது இரக்கமுள்ள விதி. 20 ஆண்டுகள் உழைத்த, தண்டவாளம் மாற்றும் பாயின்ட்ஸ்மேன் ஒருவரை மறுநாளே வீதியில் நிறுத்தாமல், அவர் பெயரைப் பதிவேட்டில் வைத்திருந்து, குடியிருப்பையும் மருத்துவமனைச் சிகிச்சையையும் தொடரச் செய்தது. ஆனால் நடைமுறையில் அதன் சுமை எவர் தோளில் இறங்கியது என்று பார்த்தால் உண்மை வேறாகத் தெரியும். கண்புரையோ மூட்டு நோயோ ஒரே நாளில் வருவதில்லை. தகுதி இழக்கும் நாளுக்கு முன்பே அந்த நோய்க்காக விடுப்பெல்லாம் கரைந்திருக்கும். ஆகவே பொன்மலையிலிருந்து சான்றோடு திரும்பியவர், பெரும்பாலும் சம்பளமுள்ள விடுப்பு எதுவும் எஞ்சாதவராகவே திரும்பினார். சம்பளத்தில் பிடித்தம் செய்யப்பட்டுவந்த கூட்டுறவு நாணயச் சங்கக் கடனின் தவணை நின்று வட்டி ஏறியது. ஓட்டுநர், கார்டு போன்றோருக்கு மைல் கணக்கில் வந்துகொண்டிருந்த ஓட்டப்படியும் அதோடு நின்றது. மாற்றுப் பணி தேடுவது நிர்வாகத்தின் கடமை என்று விதி கூறியபோதும், அந்தக் கடமை தாமதமானால் நிர்வாகத்துக்கு எந்தச் செலவும் இல்லை. தாமதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் விலை கொடுத்தவர் தொழிலாளி மட்டுமே. சம்பளமில்லா விடுப்பின் குறை இங்கேதான் உள்ளது.

காவிரிப் படுகையின் நோய்கள் இந்தச் சுமையைக் கூட்டின. கும்பகோணம் வட்டாரம் யானைக்கால் நோய்க்குப் பெயர்பெற்றது. தேங்கிய சாக்கடை நீரில் பெருகும் கொசு பரப்பும் அந்நோய், கால் பருத்த பிறகே வெளியாருக்குத் தெரிந்தாலும், அதற்கு முன்பே தொடை இடுக்கில் நெறி கட்டி, குளிரோடு காய்ச்சல் அடித்து, சில நாள்களில் தணிந்து, மீண்டும் வந்து, பணியாளரின் விடுப்பைச் சிறுகச் சிறுகத் தின்றுவிடும். காசநோயும் தொழுநோயும் ஒருவரை மாதக் கணக்கில் வீட்டிலிருந்தும் பணியிலிருந்தும் பிரித்தன. தஞ்சைக்கு மேற்கே செங்கிப்பட்டியில் காசநோய் மருத்துவமனையும், கும்பகோணத்தை ஒட்டிய சாக்கோட்டையில் தொழுநோய் மருத்துவமனையும் அமைந்திருந்தது இந்நோய்களின் பரவலை உணர்த்தும். நிரந்தரம் ஆகாத பணியாளர் இந்நோய்களுக்குச் சிகிச்சை பெற்றால் 18 மாதம் வரை அசாதாரண விடுப்பு தரலாம் என்று மத்திய அரசின் 1972ஆம் ஆண்டு விடுப்பு விதிகள் கூறுகின்றன. வேலை போகாது என்ற உறுதி அந்நாளில் சிறிய செய்தி அன்று. தொழுநோயாளியைத் தெருவே ஒதுக்கிய காலத்தில், குணமாகித் திரும்பினால் நாற்காலி காத்திருக்கும் என்று அரசு சொன்னது மதிக்கத்தக்கது. 18 மாதம் சம்பளமின்றி மனைவி மக்கள் என்ன செய்வார்கள் என்பதைப் பற்றி விதி வாய் திறக்கவில்லை.

1972இல் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு உருவான சோழன் போக்குவரத்துக் கழகம், இதே சிக்கலைச் சாலைக்குக் கொண்டுவந்தது. இரவும் பகலும் எதிர்வெளிச்சத்தில் ஓட்டிய ஓட்டுநர்களின் பார்வை ஓய்வு வயதுக்கு முன்பே குறைந்தது. இராஜஸ்தான் போக்குவரத்துக் கழகத்தில் பார்வைக் குறையால் நீக்கப்பட்ட ஓட்டுநர்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தொடர்ந்து வாகனம் ஓட்டும் பணியே கண்ணைப் பாதிக்கும் இயல்புடையது என்பதை ஏற்று, அவர்களுக்கு மாற்றுப் பணி தேட வேண்டும், இயலாவிட்டால் கூடுதல் இழப்பீடு தர வேண்டும் என்றது. தகுதி இழப்பு தொழிலாளியின் தனிப்பட்ட குறை என்ற பார்வை மாறி, தொழில் விளைவித்த சேதம் அது என்ற உண்மை நீதிமன்றத்தில் ஏற்கப்பட்ட முக்கியத் தருணங்களுள் இது ஒன்று.

அடிப்படை மாற்றம் 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தோடு வந்தது. 1996 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின் 47ஆம் பிரிவு, பணிக்காலத்தில் உடற்குறை அடைந்த ஊழியரை அரசு நிறுவனம் நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்றும், வகித்த பணிக்கு அவர் ஏற்றவரல்லர் எனில் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி தர வேண்டும் என்றும், அதுவும் உடனே இயலாவிட்டால் தக்க பணி கிடைக்கும் வரையிலோ ஓய்வு வயது வரையிலோ மிகைப் பணியிடம் ஒன்றில் வைத்திருக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. மிகைப் பணியிடம் என்பது அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல், ஒருவருக்காகவே உருவாக்கப்படும் இடம். அதற்குச் சம்பளம் உண்டு. இரயில்வே வாரியம் 1999 ஏப்ரலில் தன் விதித்தொகுப்பின் அத்தியாயத்தையே இதற்கேற்பத் திருத்தி எழுதியதோடு, 6 மாத விடுப்பின் இடத்துக்கு மிகைப் பணியிடம் வந்தது. கால் துண்டிக்கப்பட்டு, இயலாமை ஓய்வூதியத்தோடு அனுப்பப்பட்ட காவலர் ஒருவரின் வழக்கில், அந்த ஓய்வூதியம் கிடைப்பதைக் காரணம் காட்டி 47ஆம் பிரிவின் பாதுகாப்பை மறுக்க இயலாது என்று 2003இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2016ஆம் ஆண்டின் புதிய சட்டமும் அதே பாதுகாப்பை 20ஆம் பிரிவில் தொடர்கிறது. மாற்றுப் பணி தேடுவதில் ஏற்படும் தாமதத்துக்கு இப்போது நிர்வாகமே செலவு செய்கிறது. பணியைச் செய்யும் உடல் தளர்ந்தாலும் ஊதிய உரிமை அறாது என்ற கொள்கை, பரம்பரையின் தளையிலிருந்து விடுபட்டு, தனிமனித உரிமையாக இவ்வாறு சட்டத்தில் நிலைபெற்றது.

எனினும் இந்தச் சட்டம் காக்கும் வட்டம், படுகையில் அரசின் பணியைச் செய்பவர் எல்லாரையும் உள்ளடக்கிய வட்டமாக இல்லை. தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் பருவகாலப் பட்டியல் எழுத்தராகவும் உதவுபவராகவும் காவலராகவும் அமர்த்தப்படுவோரின் பணி, பருவத்தின் தேவையைப் பொறுத்தது. மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி பெறும் சுமைதூக்கும் தொழிலாளிக்கு முதுகெலும்பு நழுவினால், மறுநாள் வேறொருவர் தோளில் மூட்டை ஏறுகிறது. சம்பளமில்லா விடுப்பு என்ற குறைவான சலுகைகூட அவருக்குரிய விதிகளில் கிடையாது. பதிவேட்டில் நிலையான பெயர் இருப்பவருக்கே விடுப்பு. குறுவையிலும் சம்பாவிலும் விளைந்த நெல்லை அரசுக்காக அளந்து, தைத்து, தூக்கி அடுக்குபவர்களுக்கு, உடல் தகுதி இழந்த நாளிலிருந்து மாற்றுப் பணியோ உதவித்தொகையோ கிடைக்கும் நாள் வரை பிழைப்பூதியம் ஒன்றை விதியாக்குவது மாநில அரசால் இயலாத காரியம் அன்று. 1999இல் இரயில்வே செய்ததை வாணிபக் கழகமும் செய்ய வேண்டும்.